ஜவ்வு கிழிந்த முழங்காலும் மாறிப்போகும் நடையும்

முழங்காலில் அடிபட்டு வருகிறவரிடம் சென்னையில் எந்த மூட்டு டாக்டரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "நடக்க முடிகிறதா?" என்பது. பெரும்பாலானவர்கள் முடிகிறது என்றே சொல்வார்கள். அது பொய்யில்லை. மூட்டுக்கு நடுவே இரண்டு எலும்புகளையும் பிணைத்துப் பிடிக்கும் நாரான ஜவ்வு முழுவதுமாக அறுந்துபோனவர்கூட, வீக்கம் வடிந்த சில வாரங்களில் சமதரையில் நடந்துவிடுவார். பஸ் ஏறுவார், வேலைக்குப் போவார், வண்டி ஓட்டுவார். 'அதுதான் நடக்கிறானே, அப்புறம் என்ன' என்று வீட்டிலும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை. நடக்கிறாரா என்று பார்ப்பவர்கள் எப்படி நடக்கிறார் என்று பார்ப்பதில்லை.

நான் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) செய்பவன். எங்கள் அறைக்கு வெளியே நீளமான நடைவழி ஒன்று உண்டு. நோயாளி கதவைத் திறப்பதற்கு முன்பே அவருடைய ரப்பர் செருப்பின் சத்தம் உள்ளே வந்துவிடும். நல்ல நடையில் இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் ஒரே இடைவெளி இருக்கும். ஜவ்வு அறுந்தவரின் நடையில் ஓர் இடைவெளி சற்றுக் குறைந்திருக்கும். அடிபட்ட காலில் நிற்கும் நேரத்தை உடல் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. அவரிடம் சொன்னால் நம்பமாட்டார். கூட வந்த அம்மா, "இல்லை தம்பி, அவன் நன்றாகத்தான் நடக்கிறான்" என்பார். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். இந்தக் காயம் உண்டாக்கும் நடைமாற்றம் பெரும்பாலும் நொண்டலாக வெளியே தெரிவதில்லை. முழங்கால் மடங்கும் அளவில் சில டிகிரி, தொடைத்தசை இழுக்கும் விசையில் கொஞ்சம், கெண்டைக்கால் எலும்பு திரும்பி நிற்கும் கோணத்தில் கொஞ்சம் என்று சிறு சிறு அளவுகளில் ஒளிந்திருக்கிறது. வலி போன பிறகும் போகாமல் நிற்கிறது. அறுவைச் சிகிச்சை செய்து புது ஜவ்வு வைத்தாலும் தானாகச் சரியாவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் மூட்டுத் தேய்மானத்தில் இதற்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு இன்று நிறையச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன.

காயம் எப்படி வருகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். மேலை நாட்டு மருத்துவ நூல்களைப் படித்தால் பனிச்சறுக்கும் கால்பந்தும் முன்னே நிற்கும். சென்னையில் வியாசர்பாடி மைதானத்துக் கால்பந்தும், கபடியும் இருக்கின்றன; அவற்றுக்கு இணையாக இரு சக்கர வாகனமும் இருக்கிறது. விளையாட்டில் பத்தில் ஏழு ஜவ்வுக் காயங்கள் யாரும் மோதாமலே வருபவை. ஓடிவந்து சட்டென்று நிற்பது, பாதம் தரையில் பதிந்திருக்கும்போது உடம்பு மட்டும் திரும்புவது, எகிறிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்குவது. "முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம் கேட்டது சார்" என்று பலரும் ஒரே மாதிரி சொல்வார்கள். சில மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கோத்து வீங்கிவிடும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்பது உலகெங்கும் காணப்பட்ட உண்மை. பெண்கள் கால்பந்தும் கபடியும் வளர்ந்துவரும் ஊரில் பயிற்சியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

வண்டியில் வரும் காயம் வேறு வகை. பள்ளத்தைப் பார்த்துக் காலை ஊன்றியவர் மீது வண்டி சாய்ந்துவிடும். அல்லது மடங்கிய முழங்காலின் கீழ்ப்பகுதி எதிர்வண்டியில் நேராக மோதும். முதல் வகையில் முன் ஜவ்வும் பக்க ஜவ்வும் போகலாம். இரண்டாவதில் பின் ஜவ்வு போகும்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே கதை. எக்ஸ்ரே எடுப்பார்கள், எலும்பு உடையவில்லை என்று வரும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. பிறகு சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவுவார்கள். சிலர் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். புதுக் காயத்தை அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். வாரக்கணக்கில் கட்டிவைத்த முழங்கால் விறைத்துப்போகும், தொடை சூம்பிவிடும். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்தில் இருப்பவர், கைராசிக்காரர், ஒரு நாள் கூலி போகாமல் பார்த்துவிடுபவர் என்று அவர்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வாரங்களில்தான் நடை மாறிப் பழகுகிறது.

முழங்காலில் நான்கு முக்கிய ஜவ்வுகள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டுக்கு நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் முன் ஜவ்வும் பின் ஜவ்வும். இந்த முன் ஜவ்வைத்தான் விளையாட்டுச் செய்திகளில் ஏ.சி.எல். என்று படிக்கிறோம். சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம், விரல் கனம். இளம் வயதினரின் ஜவ்வை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது அறுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது 220 கிலோ எடையைத் தொங்கவிடும் அளவு. கெண்டைக்கால் எலும்பு தொடை எலும்பைவிட்டு முன்னால் நழுவாமல் பிடிப்பதும், அளவுக்கு மேல் திரும்பாமல் தடுப்பதும் இதன் வேலை. டாக்டர் முழங்காலை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கீழ் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பாரே, அது லாக்மன் சோதனை. ஃபிலடெல்ஃபியாவின் ஜான் லாக்மன் பெயரால் அவருடைய மாணவர் ஜோசப் டோர்க் 1976-இல் எழுதிவைத்தது. நல்ல ஜவ்வு இருந்தால் கீழ் எலும்பு சற்று நகர்ந்து டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது; மெத்தென்று வந்துகொண்டே இருக்கும். கையில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது.

அந்த மூட்டோடு ஒருவர் நடக்கும்போது என்ன ஆகிறது என்று புரிய, நல்ல நடையின் ஒரு சிறு கணத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஏறக்குறைய ஒரு விநாடி. அதில் அறுபது சதவீதம் பாதம் தரையில், நாற்பது சதவீதம் காற்றில். குதிகால் தொடும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். அடுத்த பத்தில் ஒரு விநாடிக்குள் உடலின் முழு எடையும் அந்தக் காலுக்கு வருகிறது. முழங்கால் 15 முதல் 20 டிகிரி மெல்ல மடங்கி அந்த எடையை வாங்குகிறது. மடங்கிக்கொண்டே போய்க் கால் மடியாமல் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. பிறகு முழங்கால் மீண்டும் நேராகி, உடல் அந்தக் காலின் மேல் கடந்துபோகிறது. இந்தச் சிறு மடங்கலைத்தான் ஜவ்வு அறுந்தவரின் உடல் முதலில் கைவிடுகிறது.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடையின் முன்தசை முட்டிச்சில்லின் வழியாகக் கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையைப் பிடித்து இழுக்கிறது. முழங்கால் நன்றாக மடங்கியிருந்தால் அந்த இழுப்பு எலும்பைப் பின்னுக்குத் தள்ளும். நேராக நிற்கும் நிலைக்கு அருகில், அதாவது நடக்கும்போது எடை வாங்கும் அதே கோணங்களில், அந்த இழுப்பு எலும்பை முன்னுக்குக் கொண்டுவரும். முன்னுக்கு வராமல் தடுக்க வேண்டிய ஜவ்வோ இப்போது இல்லை. ஆகவே காலைத் தாங்க வேண்டிய தசையே மூட்டை நழுவவிடும் தசையாகிவிடுகிறது. உடல் இதை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடிக்கிறது. முன்தசையை அடக்கி வைக்கிறது. முழங்காலை அதிகம் மடக்காமல் நடந்தால் முன்தசைக்கு வேலையும் குறைவு. உடம்பை இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்த்தால் எடை முழங்காலிலிருந்து இடுப்புக்கு மாறும். சிகிச்சைக்கு வருகிறவர்களில் சிலர் லேசாகக் குனிந்தபடி நடப்பதை இதனால் பார்க்கிறோம். அவர்கள் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதை முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்களில் அமெரிக்காவின் தாமஸ் ஆண்ட்ரியாச்சி குழுவினர் முக்கியமானவர்கள். 1990-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வு அறுந்த 16 பேரில் 12 பேர் நடக்கும்போது முன்தசையைத் தவிர்க்கும் நடையைக் கொண்டிருந்தார்கள். அதே ஆட்கள் மெதுவாக ஓடியபோது, முழங்கால் அதிகம் மடங்கும் அந்த அசைவில், தவிர்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. கோணத்துக்கும் தசையின் இழுப்புக்கும் உள்ள தொடர்பை இது அழகாக உறுதிப்படுத்தியது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லோரும் அப்படி நடப்பதில்லை என்று காட்டின. வேறு சிலர் தொடையின் முன்தசையையும் பின்தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கி, முழங்காலை விறைப்பாக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பின்தசை எலும்பைப் பின்னுக்கு இழுப்பதால் அது ஓரளவு ஜவ்வின் வேலையைச் செய்கிறது. பாதுகாப்புதான். ஆனால் இரண்டு பக்கமும் இறுகிய தசைகளுக்கு நடுவே, எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு நசுங்குகிறது. நழுவாமலிருக்க மூட்டு கொடுக்கும் விலை அது. ஜவ்வு இல்லாமலே நழுவல் இன்றி ஓடியாடுபவர்களும் உண்டு. அவர்கள் மூட்டை இறுக்கிப் பூட்டாமல், தேவையான நேரத்தில் தேவையான தசையை மட்டும் இயக்கக் கற்றுக்கொண்டவர்கள். யாருக்கு அது வாய்க்கும் என்பதை ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆளை நடக்கவிட்டு, படியிறங்கவிட்டு, ஒற்றைக்காலில் குதிக்கவிட்டுத்தான் சொல்ல முடியும்.

தசையை அடக்குவதில் வீக்கத்துக்கும் பெரிய பங்கு. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால், வலியே இல்லாவிட்டாலும், தண்டுவடத்தின் வழியாக முன்தசைக்குப் போகும் கட்டளை குறைந்துவிடுகிறது. நல்ல முழங்காலில் உப்புநீரை ஏற்றிப் பார்த்த சோதனைகளில், தொடையின் உட்புறத் தசை அடங்கிப்போக 20 முதல் 30 மில்லி லிட்டர் போதுமானதாக இருந்தது. இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு உள்ளேயே அடங்கும் நீர்! அதனால்தான் முட்டிச்சில்லுக்கு மேலே உட்புறத்தில் இருக்கும் சதை முதலில் வற்றுகிறது. வருகிறவரை இரண்டு கால்களையும் நீட்டி உட்காரச் சொல்லி, தொடையை இறுக்கச் சொன்னால், நல்ல காலில் அந்த இடத்தில் சதை துருத்திக்கொண்டு எழும்; மறு காலில் தோல் மட்டும் லேசாகச் சுருங்கும். பல பேர் அந்த இடத்தில்தான் முதன்முறையாக முகம் மாறுவார்கள். 'உடற்பயிற்சி செய்யுங்கள், சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது இவர்களுக்கு உதவாது. கட்டளையே போகாத தசை, சொன்னால் எப்படி வலுப்பெறும்? முதலில் வீக்கத்தை இறக்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஐஸ் வைத்தால் அடக்கம் தற்காலிகமாக விலகும். தேவைப்பட்டால் மின்தூண்டல் கொடுத்துத் தசையை எழுப்ப வேண்டும்.

ஜவ்வுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதை நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை. அது உணர்வுக் கருவியும்கூட. அதனுள் இருக்கும் நரம்பு முனைகள், மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஜவ்வு அறுந்தால் அந்தச் செய்தியும் நிற்கிறது. அறுவைச் சிகிச்சையில் புதிதாக வைப்பது தொடைத் தசையின் நாரோ முட்டிச்சில்லின் நாரோதான். பழைய நரம்பு முனைகள் அதோடு வருவதில்லை. மூளை இந்த இழப்பைக் கண்ணால் ஈடுகட்டுகிறது. ஜவ்வு மாற்றப்பட்டவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து முழங்காலை அசைக்கச் சொன்னபோது, பார்வை சார்ந்த மூளைப் பகுதி மற்றவர்களைவிட அதிகமாக இயங்கியது. பகலில், வெளிச்சத்தில், மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக நடப்பவர், கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில், எங்கே பள்ளம் எங்கே மூடியில்லாத வடிகால் என்று தெரியாத தெருவில் தடுமாறுகிறாரே, அதற்கு இதுவும் ஒரு காரணம். கண் உதவ முடியாத இடத்தில் முழங்கால் தனியாக நிற்கிறது. சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் நோயாளிகளைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவைப்பதை வேடிக்கையாகப் பார்க்கும் உறவினர்களுக்கு நான் இதைத்தான் விளக்குவேன்.

மற்ற ஜவ்வுகள் நடையை வேறு விதமாக மாற்றுகின்றன. உள்பக்க ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நல்லது. பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆறிவிடும், நடையும் சில வாரங்களில் திரும்பும். பின் ஜவ்வு போனவருக்குச் சமதரையில் குறை தெரியாது. இறக்கத்திலும் படியிறங்கும்போதும் முழங்காலில் நம்பிக்கை இருக்காது. வெளிப்பக்க ஜவ்வும் அதன் பின்மூலையும் கிழிந்தால் கண்ணுக்கே தெரியும்: எடை விழும் ஒவ்வொரு முறையும் முழங்கால் வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். இதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது.

படியிறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்லினில் செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்தி அளந்த ஆய்வொன்றில், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் ஏறக்குறைய 2.6 மடங்கு விசை விழுந்தது, படியிறங்கும்போது 3.5 மடங்கு. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வருகிறவருக்கு மேம்பாலப் படிகளிலிருந்து தப்பிக்க வழியில்லை. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-இல் திறக்கப்பட்டது. அங்கே லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன. எல்லா நிலையங்களிலும் அந்த வசதி இல்லை. மாலை நேரக் கூட்டத்தில் ஒரு மேம்பாலப் படிக்கட்டின் கீழே நின்று பாருங்கள். சிலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள். சிலர் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைப்பார்கள். இன்னும் சிலர் ஒரு காலை மட்டும் விறைப்பாக வைத்து, மறு காலைத் தொப்பென்று அடுத்த படியில் போடுவார்கள். மேல்படியில் நிற்கும் முழங்கால் மெல்ல மடங்கி உடலை இறக்க வேண்டும். அந்த மடங்கலை அது மறுக்கிறது. அவர்களில் வயதானவர்கள் மட்டும் இல்லை என்பதைக் கவனித்தால் தெரியும்.

நம் வாழ்க்கை முறை முழங்காலிடம் கேட்பதும் அதிகம். சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட, தரையில் உட்கார்ந்து பூக்கட்ட, குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்த முழங்கால் ஆழமாக மடங்க வேண்டும். சமதரை நடைக்கு அறுபது டிகிரி போதும். மேலை நாட்டுச் சிகிச்சை அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, நடந்துவிட்டால் முடிந்தது என்று அனுப்பிவைத்தால், வீட்டுக்குப் போனதும் அவர் தரையில் உட்கார முடியாமல் நாற்காலிக்கு மாறிவிடுவார். அதன் பிறகு தொடை இன்னும் மெலியும்.

இனி குருத்தெலும்பு. செருப்பில்லாமல் நடப்பவரின் உள்ளங்காலில் எடை விழும் இடத்தில் தோல் தடிப்பதுபோல, மூட்டுக்குள்ளும் எடை வாடிக்கையாக விழும் இடங்களில் குருத்தெலும்பு தடித்தும் மற்ற இடங்களில் மெல்லியதாகவும் இருக்கிறது. ஜவ்வு அறுந்த மூட்டில் கெண்டைக்கால் எலும்பு, நடையின் போக்கில், பழைய கோணத்திலிருந்து சற்று உள்நோக்கித் திரும்பி நிற்கிறது. தொடும் இடம் சில மில்லிமீட்டர் நகர்கிறது. எடை தாங்கப் பழகாத மெல்லிய குருத்தெலும்பின் மேல் இப்போது எடை விழுகிறது. சில மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 6,000 அடி நடப்பவர் ஒரு காலில் 3,000 முறை எடை வைக்கிறார். ஓர் ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல். ஆண்ட்ரியாச்சி முன்வைத்த இந்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் காலுக்கு எடையே சரியாகக் கொடுக்காமல் நடப்பவர்களுக்கும் சில ஆண்டுகளில் தேய்மானம் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். குருத்தெலும்புக்குச் சரியான இடத்தில் சரியான அளவு எடை தேவை. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். முன் ஜவ்வோ, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு வளையமோ (மெனிஸ்கஸ்) கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 10 முதல் 20 ஆண்டுகளுக்குள், வலியோடு கூடிய தேய்மானம் வந்துவிடுகிறது. இருபது வயதில் அடிபட்டவருக்கு அது நாற்பதுக்குள் என்று பொருள். குடும்பம் அவர் உழைப்பை நம்பியிருக்கும் வயது அது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்துக்குக் கிரிக்கெட்டும் ஒரு காரணம். சேப்பாக்கத்திலேயே இரண்டு மறுவருகைகளை நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்து வீரர் கேன் வில்லியம்சன், 2023 மார்ச் 31 அன்று சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பவுண்டரி எல்லையில் சிக்ஸரைத் தடுக்கப் பாய்ந்து வலது முழங்காலின் முன் ஜவ்வை இழந்தார். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டத்தில் இறங்கி 78 ரன் எடுத்தார். 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் முழங்காலின் பல ஜவ்வுகளைக் கிழித்துக்கொண்ட ரிஷப் பந்த், 2024 செப்டம்பரில் தன் மறுவருகை டெஸ்டில் சேப்பாக்கத்தில் சதம் அடித்தார். நம்மைக் கைதட்டவைக்கும் இந்த ஆட்டங்களுக்குப் பின்னால், மாதக்கணக்கில் வேறு வேலையே இல்லாமல் முழங்காலுக்காகவே வாழ்ந்த நாட்கள் இருக்கின்றன. கூடவே ஒரு மருத்துவக் குழு இருக்கிறது. வியாசர்பாடி இளைஞனுக்கும் உணவு கொண்டுசேர்க்கும் வேலை செய்பவருக்கும் அந்த மாதங்கள் கிடைப்பதில்லை. அறுவைச் சிகிச்சை அவர்களுக்கும் கிடைக்கிறது. அதற்குப் பிந்திய ஒன்பது மாத உழைப்புக்குத்தான் நேரமும் பணமும் இல்லை. ஆறு வாரம் வந்துவிட்டு, நடக்க முடிகிறது என்றதும் நின்றுவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் உடனே கத்தி தேவை என்பதும் இல்லை. ஸ்வீடனில் 121 இளம் வயதினரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவைச் சிகிச்சையும் பயிற்சியும்; மற்றப் பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவைச் சிகிச்சை. இரண்டு ஆண்டு முடிவில் நோயாளிகள் தங்கள் முழங்காலைப் பற்றிக் கொடுத்த மதிப்பீட்டில் வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர் மட்டுமே பிறகு அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். முட்டி அடிக்கடி நழுவுகிறவருக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழியும் ஆபத்து உண்டு. அவர் காத்திருக்கக் கூடாது. இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது ஒழுங்கான, நீண்ட பயிற்சி. இதை என் தொழிலுக்காகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் நடையை மறுபடி கற்றுக்கொள்ளாமல் முடியாது.

கற்பிப்பது எப்படி? முதல் வாரங்களில் முழங்கால் முழுவதும் நேராக வேண்டும். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முட்டியைக் கீழே தொங்கவிடுவது அதற்காகத்தான். ஐந்து டிகிரி நீட்ட முடியாமல் நின்றுவிட்டால்கூட வாழ்நாள் முழுவதும் ஒரு கால் குட்டையானதுபோல் நடக்க நேரலாம். ஊன்றுகோலை அவசரப்பட்டு விட்டால் நொண்டும் நடையே பழகும். விந்தாமல் நடக்க முடிந்த பிறகுதான் விட வேண்டும். பிறகு கண்ணாடி முன் நடப்பது, குதிகால் ஊன்றியதும் முழங்காலை வேண்டுமென்றே சற்று மடங்கவிடுவது, பின்னோக்கி நடப்பது, தாழ்ந்த படியிலிருந்து மிக மெதுவாக இறங்குவது. ஓட்டமும் திருப்பமும் கடைசியில். 'நீ கேப்' எனப்படும் முழங்கால் உறையை மாட்டிக்கொள்வதால் தோலுக்கு ஓர் உணர்வும் மனதுக்குத் தெம்பும் கிடைக்கும். எலும்பு முன்னுக்கு நழுவுவதை அது தடுக்காது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். 25 வயதுக்குள் களத்துக்குத் திரும்பும் வீரர்களில் நான்கில் ஒருவருக்கு நெருக்கமாக அதே காலிலோ மறு காலிலோ மீண்டும் ஜவ்வு அறுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறு கால் என்று சொன்னதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தேறிவிட்டதா என்று பார்க்க நாங்கள் அடிபட்ட காலை நல்ல காலோடு ஒப்பிடுகிறோம். ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததால் நல்ல காலும் வலு இழந்திருக்கும். ஒரு பக்கத்து மூட்டுக் காயம் மறுபக்கத் தொடையின் கட்டளையையும் குறைக்கிறது. இரண்டும் சமம் என்று வரும்போது, இரண்டும் சமமாகத் தேய்ந்து நிற்கலாம். காயம் பட்ட முதல் வாரத்திலேயே நல்ல காலின் வலுவை அளந்து எழுதி வைத்துக்கொள்வது இதற்கு நல்ல வழி.

நடையை அளக்கும் கேமராக்களும் விசைப் பலகைகளும் கொண்ட ஆய்வகம் ஒரு சிலருக்கே எட்டும். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்து மீட்டர் தூரம், முட்டி தெரியும்படி அரைக்கால் சட்டையோடு, இயல்பான வேகத்தில் நடக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து முழங்கால் உயரத்தில் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். இரு பக்கமும் எடுங்கள். குதிகால் தொட்ட உடனே முட்டி மடங்குகிறதா, விறைப்பாகவே நிற்கிறதா என்று அதில் தெரியும். படியிறங்குவதையும் எடுங்கள். காயம் பட்ட ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், ஓராண்டில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் செலவு செய்ய முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன, கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே போகும்போது வலி எவ்வளவு என்று சொல்வதோடு, "என் நடையைப் பாருங்கள்" என்றும் கேளுங்கள்.